பரணில் கிடக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கியைப் பேணுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மேலூர், நத்தம், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி பக்கம் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்தோ தானியக் குதிருக்குப் பின்னாலிருந்தோ ஆளுயரத் துப்பாக்கி ஒன்று வெளியே வருவது உண்டு. தாத்தா காலத்தில் பன்றி விரட்ட வைத்திருந்தது என்று ஒருவர் சொல்வார், பாளையக்காரர் காலத்துச் சாமான் என்று இன்னொருவர் சொல்வார். பெரும்பாலும் அது வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியாக இருக்கும். அதற்கு அப்புறம் நடப்பதுதான் வருத்தம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகும், இல்லை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வார்னிஷ் அடித்து ஹாலில் மாட்டப்படும், இல்லை போலீஸுக்குப் பயந்து மறுபடியும் பரணுக்கே போகும். மூன்றுமே அந்தப் பொருளை அழிக்கிற வழிகள்.

இதை ஒழுங்காகக் காப்பாற்றி வைக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இந்த வகைத் துப்பாக்கிகளைப் புதிதாகச் செய்வதும் பழையதைச் சீராக்கிச் சுடுவதும் பெரிய பொழுதுபோக்கு. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் வளர்த்தெடுத்த நீண்ட ரைஃபிளை, உதிரி பாகங்கள் அடங்கிய பெட்டியாக வாங்கி வீட்டிலேயே கோக்கிறார்கள். அங்குள்ள சட்டம் வேறு. நம் ஊரில் பேணுவது என்றால், அழிவை நிறுத்தி இருக்கிற நிலையில் காப்பது. மறுபடியும் சுட வைப்பது அதில் சேராது. எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

முதல் வேலை: உள்ளே மருந்து இருக்கிறதா?

துடைப்பது, படம் எடுப்பது எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்தத் துப்பாக்கியில் தோட்டாவை உருவி எடுக்க முடியாது. கெட்டித்து வைத்தால் வைத்ததுதான். பன்றி வரும் என்று கெட்டித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த மனிதர் காலமாகி, பேரன் காலம் வரை அப்படியே கிடப்பது நடக்கக்கூடியது. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் வீரியம் போகாது.

சோதிக்கும் முறை இது. துப்பாக்கியின் வாய் யாரும் இல்லாத பக்கம், மண் சுவரையோ வெளியையோ பார்த்திருக்கட்டும். குதிரையை, அதாவது பின்னுக்கு இழுத்து விடும் சுத்தியல் போன்ற பாகத்தைத் தொடாதீர்கள், விசையைத் தொடாதீர்கள். உங்கள் முகமும் உடம்பும் குழலின் வாய்க்கு நேராக வரவே கூடாது. குழலுக்குள் போகிற அளவு மெல்லிய, நேரான மரக்கோல் ஒன்றை எடுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். பக்கவாட்டில் நின்று, கோலை மெதுவாக உள்ளே விட்டு, தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, குழலின் வாய் விளிம்பில் கோலின் மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்புக்குச் சரியாக வரும்படி குழலின் வெளிப்பக்கமாகச் சாய்த்துப் பிடியுங்கள். கோலின் நுனி, பின்பக்கம் தீ உள்ளே போகும் பொடித் துளை வரை எட்டினால் குழல் காலி. இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூட்டு மண்ணாகவும் இருக்கலாம், மருந்தும் ஈயக் குண்டுமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. ஆகவே மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தால் உங்கள் வேலை அங்கேயே முடிந்தது. சுட்டுக் காலி செய்யலாம், காய்ச்சி எடுக்கலாம், துருவி எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைகள் வராத அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களுடைய ஆயுதப் பிரிவு ஆட்களோ உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியோதான் அதைக் காலி செய்ய வேண்டும். கோலை விட்டுப் பார்க்கவே தயக்கமாக இருந்தால் அதுவும் சரிதான், நேராகக் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸில் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மட்டும் போக வேண்டாம். அவர்கள் வந்து பார்க்கட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி எந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். பழசு என்பதாலோ, வாய்வழிக் கெட்டிப்பு என்பதாலோ விலக்கு கிடையாது. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்கும் வழி 13ஆம் பிரிவில் உண்டு. சிறுமலை, அழகர்மலை, வருசநாடு அடிவாரங்களில் தாத்தாக்களிடம் துப்பாக்கி இருந்தது என்றால் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அந்த உரிமம் மகனுக்குத் தானாக வந்துவிடாது. தாமதம் செய்யாமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, பிறகு வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே என்றால் ஆட்சியர் அலுவலகம்.

நமக்கு முக்கியமானது 45ஆம் பிரிவு. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத, பழம்பாணியான அல்லது தொல்பொருள் மதிப்புள்ள அல்லது சிதைந்துபோன ஆயுதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது சொல்கிறது. "பழுதுபார்த்தாலும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். குதிரை உடைந்திருக்கிறது, விசை வேலை செய்யவில்லை என்பதெல்லாம் போதாது, ஏனென்றால் அவற்றைச் சரி செய்துவிட முடியும். உங்கள் துப்பாக்கி இந்த விலக்கில் வருகிறதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். உரிமம் தரும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் கீழே சொல்லும் வேலைகள். உரிமம் உள்ள துப்பாக்கி என்றால் லாக் (குதிரையும் வில்லும் பொருத்திய, தீ மூட்டும் பொறி), குழல் போன்ற பாகங்களை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட்டு, நீங்கள் துடைப்பது, எண்ணெய் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. தெரிந்த கொல்லுப்பட்டறையில் ஒரு குழல் அடித்துத் தரச் சொல்வது பட்டறைக்காரருக்கும் ஆபத்து. அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். இன்னொன்று, நூறு வருஷம் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தருகிறார் என்று தனியார் யாரும் அதை அனுப்ப முடியாது.

என்ன வகை என்று பார்ப்பது

தீ எப்படி உள்ளே போகிறது என்பதை வைத்து வகை பிரிக்கலாம். பாம்புத் தலை போன்ற வளைந்த கை ஒன்று கட்டைக்குள்ளிருந்து எழுந்து நின்றால் அது திரித் துப்பாக்கி. கனலும் திரியை அந்தக் கை மருந்துக் கிண்ணத்தில் சாய்க்கும். பாளையக்காரர் படைகளில் வேலும் வளரியும் தவிர இருந்தது பெரும்பாலும் இதுதான். குதிரையின் வாயில் கல்லைக் கடிக்க வைக்கும் தாடை இருந்தால் சிக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரை சுத்தியல் போல இருந்து, கீழே துளையுள்ள சின்ன முளை ஒன்று நின்றால் அது கேப்புத் துப்பாக்கி. கேப்பு என்பது அந்த முளையில் செருகும், அடித்தால் தீப்பொறி தரும் சின்னச் செப்பு மூடி. அது 1820களில் பரவியது, பிரிட்டிஷ் படை 1840ஐ ஒட்டித்தான் அதற்கு மாறியது. நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கிடைப்பது கேப்பு வகை.

லாக்கின் தட்டில் கிரீடமும் ஜி.ஆர். என்ற எழுத்தும் டவர் என்ற சொல்லும் இருந்தால் பிரிட்டிஷ் பாணி. நான்காகப் பிரித்த இதய வடிவத்துக்குள் எழுத்துகள் இருந்தால், அல்லது எழுந்து நிற்கும் சிங்கம் இருந்தால், அது கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. ஆனால் முத்திரையைப் பார்த்ததும் முடிவுக்கு வராதீர்கள். அதைப் பார்த்து இங்குள்ள பட்டறைகளிலும் குத்தினார்கள். எழுத்து கோணலாக, தலைகீழாக, எழுத்துப்பிழையோடு இருந்தால் உள்ளூர் வேலை. என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் மதிப்புள்ளது. கம்பெனி மஸ்கட்டு (படைவீரர்களின் நீண்ட துப்பாக்கி) உலகம் முழுக்க எத்தனையோ இருக்கிறது. நம் பக்கத்துக் கொல்லர் ஒருவர் கண்ணால் பார்த்து அடித்தது அது ஒன்றுதான்.

அளவு எடுங்கள். இந்தியா பேட்டர்ன் என்று சொல்லப்பட்ட மஸ்கட்டின் குழல் 39 அங்குலம், துளை 0.75 அங்குலம். 1853 என்ஃபீல்டு ரைஃபிளின் குழலும் 39 அங்குலம்தான், ஆனால் துளை 0.577, உள்ளே மூன்று வரிப்பள்ளங்கள் சுருண்டு போகும். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வெளியே என்ஃபீல்டு போலவே இருந்தாலும் உள்ளே வரிப்பள்ளம் இல்லாத, 0.656 அங்குலத் துளை கொண்ட துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கலகம் நடந்த பிறகு அவர்கள் கையில் நல்ல ரைஃபிளைக் கொடுக்க ஆங்கிலேயருக்கு மனம் வரவில்லை. துளையின் அளவில் இந்த அரசியல் முழுக்க இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால் சென்னை கோட்டை அருங்காட்சியகத்துக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பகுதிக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.

கை வைக்கும் முன் பதிவு

வெள்ளை வேட்டி விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாக விழும்போது எடுத்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத முத்திரைகளும் உளிக் கோடுகளும் நிழலில் எழும்பி வரும். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் அப்போதே எழுதி வையுங்கள்: யாருடையது, எந்தக் காடு, யார் பழுதுபார்த்தது.

இரும்பு

செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்கிறேன். உப்புத்தாள், கிரைண்டர், கம்பி பிரஷ், ஆசிட், எலுமிச்சை, துரு நீக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பித்தளைப் பகுதிகளுக்குப் புளி போடாதீர்கள். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்த கை, துப்பாக்கியின் பித்தளையைப் பார்த்ததும் தானாகப் புளிப் பாத்திரத்துக்குப் போகும். அந்தப் புளித் தண்ணீர் மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இறங்கி, உள்ளே இருக்கும் இரும்பு ஆணியை அரித்துவிடும். பித்தளை பழுப்பாகவே இருக்கட்டும்.

துருவில் இரண்டு விதம் உண்டு. விரலில் தொட்டால் ஆரஞ்சுப் பொடியாக ஒட்டுவது உயிருள்ள துரு. அது தின்றுகொண்டே இருக்கும், அதைத்தான் நிறுத்த வேண்டும். கருப்பாக, காப்பிக்கொட்டை நிறத்தில், வழவழவென்று இருப்பது உறங்கிப்போன துரு. அது இரும்புக்குக் காவல், அதைச் சுரண்டாதீர்கள். பல பழைய குழல்கள் இரும்புப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியவை. அந்த முறுக்கின் வரிகள் அந்தக் கருமைக்கு அடியில் மெல்லத் தெரியும். தேய்த்தால் வரிகள் போய்விடும், திரும்ப வராது.

தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டுத் துருவின் மேல் தடவி, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் மூங்கில் சில்லைச் சீவி, நுனியால் துருவை மெதுவாகக் கிளப்புங்கள். கெட்டியான இடத்தில் செம்புத் தகட்டின் விளிம்பு உதவும், அது இரும்பைவிட மெத்து, கீறாது. அதற்கும் அசையாவிட்டால் நான்கு பூஜ்யம் போட்ட மிக நைசான ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்து, முத்திரை இல்லாத இடத்தில் மட்டும், விரல் நுனி அழுத்தத்தில் தேய்க்கலாம். எண்ணெய் சிவப்பாக ஊறி வரும், துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். துணியில் சிவப்பு வருவது நின்று பழுப்பு வரத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். ஒரு லாக் தட்டை இப்படி நாலைந்து தடவை எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது, வெறும் துருக் கட்டியாக இருந்த இடத்தில் முதலில் கிரீடத்தின் மேல் புள்ளி, பிறகு எழுத்தின் ஒரு கால் என்று தெரிய வரும். அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்தால் முழுசாகத் தெரியுமே என்று கை பரபரக்கும். தேய்க்காதீர்கள். எண்ணெய் ஊறிச் செய்யும் வேலையை எண்ணெயிடமே விடுங்கள்.

தண்ணீர் தேவைப்படும் இடத்தில் போர்வெல் தண்ணீர் ஆகாது. மதுரைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் துடைத்த இரும்பு சீக்கிரமே மறுபடியும் பூக்கும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கிக்கொள்ளுங்கள்.

லாக்கைக் கழற்றலாமா?

லாக்குக்கு அடியில் மரம் ஈரமாக, துரு வழிந்து தெரிந்தால் மட்டும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பழைய திருகாணிகளின் மரை கையால் வெட்டியது, ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. திருப்புளியின் நுனி, திருகின் காடியில் அகலத்திலும் கனத்திலும் இறுக்கமாக உட்காரும்படி அரத்தால் ராவிக்கொள்ளுங்கள். நுனி வழுக்கினால் திருகின் தலையில் விழும் காயம் என்றைக்கும் மறையாது. குதிரையைப் பாதி நிலையில் நிறுத்துங்கள். எதிர்ப்பக்கத்துத் திருகாணிகளை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, அவற்றின் தலையில் மரப்பிடியால் மாறி மாறி மெல்லத் தட்டினால் லாக் முழுவதும் சமமாக வெளியே எழும்பும். பிறகு திருகுகளை முழுக்கக் கழற்றலாம். நெம்பி எடுத்தால் நூறு வருஷ மரத்தின் விளிம்பு சில்லாகப் பெயரும். அட்டையில் துப்பாக்கியின் உருவத்தை வரைந்து, திருகு இருந்த இடத்தில் ஓட்டை போட்டு, அந்தந்தத் திருகை அங்கேயே குத்தி வையுங்கள். உள்ளே இருக்கும் பெரிய வில்லை, அதாவது ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். அது இறுக்கத்தில் இருக்கிறது, எகிறினால் கண் போகும், உடைந்தால் அதுபோல் கிடைக்காது. தூசியைத் தட்டி, ஒரு துளி எண்ணெய், அவ்வளவுதான். வெறுமனே குதிரையை இழுத்து விட்டுப் பார்ப்பதும் வேண்டாம், கேப்பு உட்காரும் முளை நசுங்கும்.

கட்டை

கட்டையில் பொடி உதிர்ந்தால் உளு இருக்கிறது. கறையான் தின்ற பாதை மண் பூச்சாகத் தெரியும், அதை உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். பிடி மெலியும் இடத்தில்தான் பெரும்பாலும் விரிசல் விழும். அங்கே செம்புக் கம்பி சுற்றியோ, பித்தளைத் தகடு வைத்து ஆணி அடித்தோ, தோலை ஈரமாக இழுத்துத் தைத்தோ பழைய ஆள் யாராவது பழுதுபார்த்திருப்பார். பார்க்க முரடாக இருக்கும். பிரிக்காதீர்கள். அது அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கை. புது விரிசலை ஒட்ட வேண்டுமானால் பழைய தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரப் பசையைக் காய்ச்சி ஒட்டுங்கள். நாளைக்கு வேறொருவர் சரியாகச் செய்ய நினைத்தால் வெந்நீரும் ஆவியும் காட்டிப் பிரிக்கலாம். அரால்டைட் போட்டால் பிரிக்க முடியாது, மரம்தான் பிளக்கும்.

மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளிவிதை எண்ணெயும் ஊற்ற வேண்டாம், நாளாக நாளாகக் கறுத்துப் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பிடிக்கவும் கூடும். தேன்மெழுகு ஒரு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்துவிட்டு வெளியே எடுத்துப்போய், மூன்று பங்கு டர்பன்டைன் கலந்தால் வெண்ணெய்ப் பதத்தில் உறையும். அதை மிக மெல்லிதாகத் தடவி, காய்ந்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்தால் போதும். தேன்மெழுகு சிறுமலை, கொடைக்கானல் பக்கம் தேன் விற்பவர்களிடம் கேட்டால் கிடைக்கும். இதே மெழுகைக் குழலுக்கும் பூசலாம்.

செய்து பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு

கைவேலை பழக வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அதற்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. நேரான நார் ஓடும் வேப்பம்பலகையோ வாகைப் பலகையோ வாங்கி, முழு மரத்திலேயே ஒரு மாதிரி செதுக்குங்கள். குழலும் கெட்டி மரமாகவே இருக்கட்டும், துளை போடவே வேண்டாம். அசல் கட்டை செய்தவர்களின் திறமை எங்கே இருந்தது என்பது லாக் தட்டை மரத்தில் பதிக்கும்போது தெரியும். ஒரு பழைய பெட்டிப் பூட்டின் தகடு பயிற்சிக்குப் போதும். நல்லெண்ணெய் விளக்கின் கரியை எண்ணெயில் குழைத்துத் தகட்டின் அடியில் பூசி, வெட்டிய பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுங்கள். கறுப்பு ஒட்டிய இடமெல்லாம் மரம் எழும்பியிருக்கும் இடம். அதை மட்டும் கூரான உளியால் காகிதக் கனத்துக்குச் சீவி, மறுபடியும் வைத்து எடுங்கள். கறுப்பு பள்ளம் முழுக்கச் சமமாகப் படியும்வரை இதுதான் வேலை. உலகம் முழுக்கத் துப்பாக்கித் தச்சர்கள் செய்தது இதைத்தான். உளிக்குத் திருப்பாச்சேத்திப் பக்கம் பட்டறைகளில் சொல்லி அடிக்கலாம். அந்த உளியிலேயே துப்பாக்கியைச் சாய்த்து வைக்க ஒரு மரத் தாங்கியும் செய்துகொள்ளலாம்.

வைக்கும் இடம்

சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஈரம் கசியும். கிடையாக, இரண்டு இடத்தில் தாங்கி, தாங்கும் இடத்தில் துவைத்த காடாத்துணி சுற்றி வையுங்கள். தோல் உறையிலும் வெல்வெட் பெட்டியிலும் போட்டு மூடினால் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.

ஆயுத பூஜையில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம். ஈரச் சந்தனம் இரும்பில் காய்ந்து உட்கார்ந்தால் அந்தப் பொட்டு அளவுக்கே துரு குழிக்கும். பொட்டைத் தாங்கியின் மரத்தில் வையுங்கள், மாலையைத் துப்பாக்கியில் படாமல் போடுங்கள். உரிமம் உள்ள துப்பாக்கி என்றால் தேர்தல் வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அங்கே வாரக்கணக்கில் கிடக்கும், ஆகவே கொடுக்கும் முன் இரும்பு முழுக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக எண்ணெய் பூசி, ரசீதில் அன்றைய நிலையை எழுதி வாங்குங்கள்.

வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பு ஒட்டும், தொட்ட ஒவ்வொரு தடவையும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவுங்கள். மதுரையில் வருஷத்தின் பெரும்பகுதி வறட்சிதான், மரம் வெடிக்கிற பயம் சித்திரை வெயிலில். துரு பயம் ஐப்பசி, கார்த்திகையில். புரட்டாசி முடிவில் ஒரு தடவையும் தை பிறந்ததும் ஒரு தடவையும் எடுத்து, லாக்கின் ஓரமும் குழல் கட்டையில் உட்காரும் கோடும் டார்ச் அடித்துப் பாருங்கள். புதுத் துரு முதலில் அங்கேதான் ஆரஞ்சு நூல் மாதிரி எழும்.